முதலில் அந்த விசில் சத்தம்

வாசகரின் கடிதம் நான்கு பக்கம். அடையாளங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு வயது 33. இரண்டரை வருடத்துக்கு முன் கடன் போட்டு ஒரு டர்போ பெட்ரோல் கார் வாங்கினார். 1.5 லிட்டர் என்ஜின், 150 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர் டார்க் (என்ஜினின் திருப்பும் விசை), டிரை கிளட்ச் வகை, அதாவது ஆயிலில் ஊறாத இரண்டு கிளட்ச் கொண்ட 7 கியர் டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக். 48,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வாரண்டி முடிய ஏழு மாதம் இருக்கிறது. வண்டியும் இன்ஷூரன்ஸும் மனைவி பெயரில். வாங்கிய புதிதில் இருந்த பிக்கப் இப்போது இல்லை, லாரிகளை ஓவர்டேக் செய்யும்போது யோசிக்க வேண்டியிருக்கிறது என்பது அவருடைய குறை. நண்பர் ஒருவர் தன் காரின் இசியூவை (என்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) ரீமேப் செய்திருக்கிறார், அதாவது சக்தி கூடும்படி அதன் சாஃப்ட்வேர் ஃபைலை மாற்றியிருக்கிறார். அதைச் செய்து கொடுத்த ஆள் லேப்டாப்போடு வீட்டுக்கே வந்து, முக்கால் மணி நேரத்தில் 190 குதிரைத்திறனும் 330 நியூட்டன் மீட்டரும் தருவதாகச் சொல்கிறார். “கம்பெனி வேண்டுமென்றே என்ஜினைக் கட்டிப்போட்டு விற்கிறது. கட்டை அவிழ்ப்பதில் என்ன தப்பு? சர்வீஸுக்கு விடும் முன் பழைய ஃபைலை ஏற்றிவிட்டால் யாருக்கும் தெரியாதாமே? செய்யலாமா, கூடாதா?” என்று கேட்கிறார். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள நண்பருக்கு,

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் 15 வருடம் என்ஜின் கேலிபரேஷன் வேலை, அதாவது இசியூவில் இருக்க வேண்டிய எண்களை முடிவு செய்யும் வேலை பார்த்தவன். இப்போது சொந்தமாக டைனோ (வண்டியின் சக்தியை அளக்கும் கருவி) வைத்திருக்கிறேன், ரீமேப்பும் செய்து கொடுக்கிறேன். அதனால் என்னிடமிருந்து ‘ஐயையோ, கூடவே கூடாது’ என்ற பதிலை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் உங்கள் கடிதத்தை முதல் தடவை படித்தபோது ரீமேப் கேள்வியாகத் தெரிந்தது, இரண்டாம் தடவை படித்தபோது வேறாகத் தெரிந்தது. மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் மெல்லிசாக ஒரு விசில் வருகிறது, டர்போ சத்தம்தானே, எனக்குப் பிடித்திருக்கிறது.” அதற்கு முந்தைய பத்தியில், ஆறு மாதமாக இழுவை குறைந்தது போலிருக்கிறது, பெட்ரோலும் கூடக் குடிக்கிறது என்கிறீர்கள். அடுத்த பக்கத்தில், மேடு ஏறும்போது சில சமயம் ஒரு வெட்டு வெட்டுகிறது என்று வருகிறது. இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கம்பெனி கொடுத்த 150 குதிரைத்திறனே உங்கள் காரில் இன்று முழுதாக இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

டர்போ அழுத்திய காற்று, ரப்பர் ஹோஸ்கள் வழியாக, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போய், அங்கிருந்து என்ஜினுக்குள் போகிறது. ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு கிளாம்ப். வெயிலிலும் என்ஜின் சூட்டிலும் ரப்பர் இறுகி, கிளாம்ப் கொஞ்சம் தளர்ந்து, முடி அளவு இடைவெளி விட்டால் போதும். ஐடிலிங்கில் ஒன்றும் தெரியாது. பூஸ்ட், அதாவது டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம், ஏறும்போது மட்டும் அந்த இடைவெளி வழியாகக் காற்று சீறும். வெளியே கேட்பது, நீங்கள் ரசிக்கிற அந்த விசில். என்ஜின் கம்ப்யூட்டருக்குக் கசிவு என்றால் என்னவென்று தெரியாது, கேட்ட அழுத்தம் வரவில்லை என்பது மட்டும் தெரியும். உடனே வேஸ்ட்கேட்டை (டர்போவைச் சுற்றாமல் புகையை வெளியே விடும் வால்வு) இறுக்கி மூடி டர்போவை இன்னும் வேகமாகச் சுற்றச் சொல்லும். சின்ன டர்போக்கள் சாதாரணமாகவே நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றைத் தொடுகிறவை. கசிகிற காற்றுக்கும் சேர்த்து அது ஓடுகிறது. இதன்மேல் கூடுதல் பூஸ்ட் கேட்கும் ஃபைலை ஏற்றினால் முதலில் பலியாவது டர்போ.

வெட்டுக்கு வேறு காரணமும் இருக்கலாம். 48,000 கிலோமீட்டரில் ஒரு தடவைகூட ஸ்பார்க் பிளக் மாற்றியதாக நீங்கள் எழுதவில்லை. டர்போ என்ஜினில் பிளக்கின் முனை தேய்ந்து இடைவெளி அகன்றால், அழுத்தம் அதிகமான நேரத்தில்தான் பொறி தவறும். அதாவது மேட்டில், ஓவர்டேக்கில், உங்களுக்கு இழுவை தேவைப்படும் அதே நேரத்தில்.

எனவே முதல் வேலை: நல்ல கருவி இருக்கும் இடத்தில் புகை சோதனை செய்யச் சொல்லுங்கள். இன்டேக் குழாய்க்குள் புகையைச் செலுத்தினால் ஓட்டை இருக்கும் இடத்தில் புகை எட்டிப்பார்க்கும். பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள், ஏர் ஃபில்டரையும் பாருங்கள். வாரண்டி இருப்பதால் ஹோஸில் குறை இருந்தால் சர்வீஸ் சென்டரிலேயே மாற்றித் தர வாய்ப்பு இருக்கிறது. இந்த உரிமை ரீமேப் செய்த மறுநாள் உங்களிடம் இருக்காது. எல்லாம் சரியான பிறகு, மாற்றம் எதுவும் செய்யாமல் ஒரு டைனோவில் ஏற்றி வண்டியின் உண்மையான சக்தியை அளந்து அச்சிட்டு வாங்கி வையுங்கள். எனக்குத் தெரிந்து பாதிப் பேருடைய ஆசை இந்தக் கட்டத்திலேயே அடங்கிவிடுகிறது. அடங்கவில்லை என்றால் மேலே படியுங்கள்.

கம்பெனி கட்டிப்போட்டிருக்கிறதா?

கொஞ்சம் உண்மைதான். ஒரே என்ஜினை இரண்டு மூன்று சக்தி அளவுகளில் விற்பது வழக்கம், சில சமயம் வித்தியாசம் சாஃப்ட்வேரில் மட்டும் இருக்கும். ஆனால் பல சமயம் அதிக சக்தி உள்ள வகையில் பிஸ்டன் வேறு, டர்போ வேறு, ரேடியேட்டர் பெரிது, கியர்பாக்ஸ் வேறு. கேட்லாக்கில் அது வராது, பார்ட் நம்பரைப் பார்த்தால்தான் தெரியும்.

இந்தக் காலத்துக் காரில் நீங்கள் பெடலை அழுத்துவது, ‘எனக்கு இவ்வளவு டார்க் வேண்டும்’ என்று ஒரு மனு போடுவது மாதிரி. இசியூ அந்த மனுவை எடுத்துக்கொண்டு வரிசையாகப் பல அட்டவணைகளைப் பார்க்கும். கியர்பாக்ஸ் எவ்வளவு தாங்கும், இப்போது உள்ளே வரும் காற்றின் சூடு என்ன, நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடித்து எரிவது) வருகிறதா, எரிந்து முடிந்து டர்போவுக்குள் போகும் புகையின் சூடு எவ்வளவு, புகையைச் சுத்தம் செய்யும் கேடலிட்டிக் கன்வர்ட்டர் தாங்குமா. எது மிகக் குறைவான வரம்பைச் சொல்கிறதோ அந்த அளவுதான் உங்களுக்குக் கிடைக்கும். ரீமேப் என்பது இந்த அட்டவணைகளின் எண்களை மாற்றுவது. நல்ல ட்யூனர் சில எண்களைத் தொடுவார், சிலவற்றைத் தொடவே மாட்டார். மோசமான ட்யூனர் குறுக்கே நிற்கும் எல்லாவற்றையும் தூக்கிவிடுவார். சீட்டில் உட்கார்ந்து ஓட்டிப் பார்க்கும் உங்களுக்கு முதல் வாரம் இரண்டு வண்டியும் ஒன்று போலத்தான் இருக்கும்.

கம்பெனி விட்டு வைத்திருக்கும் இடைவெளி எதற்கு? கலப்படப் பெட்ரோல், காற்று மெலிந்த மலைப் பாதை, முழு லோடு, ஆயிலை நேரத்துக்கு மாற்றாத உரிமையாளர், இது அத்தனையும் ஒரே நாளில் ஒன்றாக வந்தாலும் என்ஜின் பிழைக்க வேண்டும் என்பதற்காக. நான் கேலிபரேஷனில் இருந்த காலத்தில் அதிக நேரம் செலவழித்தது சக்தியைக் கூட்டுவதற்கு இல்லை. இப்படிப்பட்ட மோசமான நாளுக்காகத்தான். நீங்கள் நல்ல பெட்ரோல் போட்டு, ஆயில் ஒழுங்காக மாற்றுகிறவர் என்றால் அந்த இடைவெளியில் ஒரு பகுதியை எடுத்துச் செலவு செய்யலாம். முழுவதையும் செலவு செய்துவிட்டால், ஒரு மோசமான பங்கில் நிரப்பிய ஒரு டேங்க் பெட்ரோல் போதும்.

330 நியூட்டன் மீட்டர் போய் இறங்கும் இடம்

உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையில் கவலை தந்த எண் 190 இல்லை, 330. பிஸ்டனை அழுத்தும் சராசரி அழுத்தமும் டார்க்கும் ஒன்றாகவே ஏறும். 1.5 லிட்டரில் 250 நியூட்டன் மீட்டர் என்றால் அந்தச் சராசரி சுமார் 21 பார் (1 பார் என்பது ஏறக்குறைய காற்று மண்டலத்தின் அழுத்தம்). 330 என்றால் ஏறக்குறைய 28 பார். சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் சின்ன டர்போ என்ஜின்களுக்கு, ஆர்பிஎம் குறைவாக இருக்கும்போது லோடு ஏறினால் ஒரு தனி வியாதி உண்டு. 1500 முதல் 2500 ஆர்பிஎம்முக்குள், பிளக் பொறி விடுவதற்கு முன்பே எண்ணெய்த் துளியோ கரித்துகளோ கலவையைப் பற்றவைத்துவிடும். சாதாரண நாக்கிங்கை இசியூ கேட்டுப் பிடித்து, பொறியைக் கொஞ்சம் தாமதப்படுத்திச் சமாளிக்கும். இதில் பொறியே தேவைப்படவில்லை என்பதால் அந்த மருந்து வேலை செய்யாது. ஒரே அடியில் பிஸ்டனின் ரிங் உட்காரும் விளிம்பு உடையலாம். ஏபிஐ என்ற அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பின் ஆயில் தரங்களில் 2018-இல் ஏபிஐ எஸ்என் பிளஸ், 2020-இல் ஏபிஐ எஸ்பி என்று புதியவை வந்ததற்கு இந்த வியாதி ஒரு முக்கியக் காரணம். உங்கள் ஆயில் டப்பாவில் எஸ்பி என்று இருக்கிறதா என்று பாருங்கள், ரீமேப் செய்யாவிட்டாலும்.

அப்புறம் கியர்பாக்ஸ். டிரை கிளட்ச் வகை டூயல் கிளட்ச்களில் அதிகம் பேசப்படுவது ஃபோக்ஸ்வாகனின் டிக்யூ200. அதன் வரம்பு 250 நியூட்டன் மீட்டர். அதே கம்பெனியின் ஆயிலில் ஊறும் கிளட்ச் கொண்ட டிக்யூ250-க்கு வரம்பு 350. உங்கள் கார் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும், 250 டார்க் உள்ள என்ஜினோடு டிரை கிளட்ச் வந்திருக்கிறது என்றால், வரம்புக்குப் பக்கத்தில்தான் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வது நல்லது.

இதில் வெளியே அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் இருக்கிறது. கியர்பாக்ஸுக்குத் தனியாக ஒரு கம்ப்யூட்டர் உண்டு. ‘இப்போது என்னிடம் இவ்வளவு டார்க் வருகிறது’ என்று என்ஜின் இசியூ அதற்கு நொடிக்குப் பல தடவை சொல்லிக்கொண்டே இருக்கும். அந்த எண்ணை நம்பித்தான் கிளட்சை எவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று அது முடிவு செய்கிறது. 330 என்று உண்மையைச் சொன்னால் கியர்பாக்ஸ், ‘எனக்குத் தாங்காது, குறை’ என்று திருப்பிக் கேட்கும். அதனால் சில ஃபைல்களில் என்ன செய்கிறார்கள் என்றால், 330 தயாராகும்போது 250 என்று சொல்லும்படி திருத்திவிடுகிறார்கள். கிளட்ச் 250-க்கு ஏற்றபடி பிடிக்கிறது, 330 வருகிறது, வழுக்குகிறது. டிரை கிளட்ச் வழுக்கினால் சூட்டை எடுத்துச் செல்ல ஆயில் கிடையாது. ட்ராஃபிக்கில் ஊர்ந்து வந்து, மேட்டில் முழுப் பெடல் கொடுத்தால் கருகிய வாடை அடிக்கும். என்னிடம் வந்த ஒரு வண்டியில் பிளேட் நீலம் பாரித்திருந்தது. ஓட்டியவர், “நான் ரேஸெல்லாம் ஓட்டுவதில்லை சார்” என்றார். அவர் சொன்னது உண்மைதான்.

பிளக்-இன் பாக்ஸ் என்று ஒன்று விற்கிறார்களே, சென்சாருக்கும் இசியூவுக்கும் நடுவில் மாட்டுவது, அது முழுக்க முழுக்கப் பொய் சொல்லியே பிழைக்கும் கருவி. பூஸ்ட் 1 பார் இருந்தால் 0.8 என்று இசியூவுக்குச் சொல்லும். இசியூ இன்னும் ஊது என்று சொல்லும். கழற்ற எளிது என்பதைத் தவிர அதில் எனக்கு நல்லதாக ஒன்றும் தெரியவில்லை. பெடல் பாக்ஸ் என்பது வேறு. அது மனுவை மட்டும் சீக்கிரம் போடுகிறது, சக்தி அதேதான்.

91 என்ற எண்

நண்பரின் ஆள் தரும் ஃபைல் “91 ஆக்டேனுக்கு எழுதப்பட்டது” என்றும், அமெரிக்காவில் பெயர் பெற்ற ஃபைல் என்றும், நீங்கள் போடும் பெட்ரோலும் 91 என்பதால் பொருத்தம் சரி என்றும் எழுதியிருக்கிறீர்கள். இங்கேதான் பெரிய குழி இருக்கிறது. ஆக்டேன் என்பது, பெட்ரோல் நாக்கிங்கை எவ்வளவு தாங்கும் என்ற அளவு. அமெரிக்காவிலும் கனடாவிலும் பம்பில் எழுதியிருப்பது ஏகேஐ என்ற அளவு. அது இரண்டு வகை ஆக்டேன் சோதனைகளின் சராசரி. மற்ற பெரும்பாலான இடங்களில் எழுதியிருப்பது ரான். அந்த இரண்டு சோதனைகளில் கூடுதல் எண் தருவது இதுதான். உங்கள் டேங்க் மூடியின் உள்பக்க ஸ்டிக்கரில் ரான் என்றே இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஏகேஐ கணக்கில் 91 என்பது ரான் கணக்கில் சுமார் 95, 96. அதாவது அந்த ஃபைல் எதிர்பார்ப்பதைவிட நான்கைந்து எண் குறைந்த பெட்ரோலைத்தான் நீங்கள் ஊற்றப் போகிறீர்கள்.

அதன் விளைவை ஒரு சின்னக் கணக்கில் காட்டுகிறேன். வெளியே 30 டிகிரி காற்று. அதை டர்போ இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றினால், கம்ப்ரஸரின் திறன் 70 சதவீதம் என்று வைத்தால், வெளியேறும் காற்று 125 டிகிரியை ஒட்டி இருக்கும். 2.4 மடங்கு ஏற்றினால் 155-ஐ நெருங்கும், திறன் குறைந்தால் தாண்டும். இன்டர்கூலர் அதில் பெரும்பகுதியை இறக்கிவிடும். ஆனால் அதுவும் கம்பெனி கணக்குப்படி செய்த அளவுதான், தொடர்ந்து இரண்டு மூன்று தடவை இழுத்தால் அதுவே சூடாகிவிடும். சூடான, நெருக்கி அடைத்த காற்றில் ஆக்டேன் குறைந்த பெட்ரோல் கலந்தால் நாக்கிங் வரும். இசியூ பொறியைத் தாமதப்படுத்தும். தாமதமாக எரிந்தால் சக்தி குறையும், புகையின் சூடு மட்டும் ஏறும். ஆக, சக்தி கிட்டத்தட்ட பழைய அளவுக்கே வந்து நிற்கும், டர்போவும் கேடலிட்டிக் கன்வர்ட்டரும் கூடுதலாக வேகும். 98 ரான் பெட்ரோல் எப்போதும் கிடைக்கிற ஒருவருக்கு அருமையாக ஓடும் ஃபைல், உங்கள் காரில் இப்படித்தான் ஆகும்.

மைலேஜ் கூடும் என்று சொன்னாராம். பெட்ரோல் காரில் நம்ப வேண்டாம். ஒரே வேகத்தில் போகும்போது இசியூ எப்படியும் 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற விகிதத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும்.

“பழைய ஃபைலை ஏற்றிவிட்டால் தெரியாது”

தெரியும். எத்தனை தடவை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கையைப் பல இசியூக்கள் தங்களுக்குள் வைத்திருக்கின்றன. ஓபிடி போர்ட்டில் (சோதனைக் கருவியை மாட்டும் சாக்கெட்) செருகிக் கேட்டால், உள்ளே இருக்கும் கேலிபரேஷனின் பெயரையும் அதன் சரிபார்ப்பு எண்ணையும் சொல்லிவிடும் வசதி தரத்திலேயே இருக்கிறது. பழைய ஃபைலை ஏற்றினால் சரிபார்ப்பு எண் சரியாக வரலாம், எண்ணிக்கை சரியாக வராது. என்ஜின் உடைந்து வரும் வண்டியில் இவற்றையெல்லாம் பார்க்காமல் யாரும் க்ளெய்ம் பாஸ் செய்ய மாட்டார்கள். சில கம்பெனிகள் அந்த வண்டியின் எண்ணோடு ஒரு குறிப்பைப் போட்டு வைத்துவிடும். நாளை வேறு ஊரில் சர்வீஸுக்குப் போனாலும் அந்தக் குறிப்பு உங்களுக்கு முன்னால் அங்கே போய் நிற்கும். தவிர, வழக்கமான சர்வீஸில் சாஃப்ட்வேர் அப்டேட் போட்டால் உங்கள் ஃபைல் சத்தமில்லாமல் அழிந்துவிடும். காசும் அதோடு போச்சு.

“ரீமேப்தான் காரணம் என்று கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும்” என்று எங்கோ படித்ததாகச் சொல்கிறீர்கள். அந்தப் பேச்சின் ஊற்று அமெரிக்காவின் மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டம், 1975-ஆம் ஆண்டுச் சட்டம். நீங்கள் இருக்கும் நாட்டில் அதே பாதுகாப்பு இருக்கும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், உங்கள் வாரண்டிப் புத்தகத்தில் ‘மாற்றங்கள்’ என்ற பத்தியை எடுத்துப் படியுங்கள். அந்தச் சட்டம் இருக்கும் இடத்திலும், டார்க்கை 32 சதவீதம் ஏற்றிய காரில் கிளட்ச் போனது எதனால் என்று நிரூபிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. ஜன்னல் மோட்டாரும் ஏசியும் கெட்டால் கேளுங்கள், அதில் நியாயம் உங்கள் பக்கம். என்ஜின், டர்போ, கியர்பாக்ஸ் மூன்றையும் மறந்துவிடுங்கள்.

சட்டமும் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஜெர்மனியில் சக்தியைக் கூட்டினால் பரிசோதனை செய்து வாகன ஆவணத்தில் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டும் அனுமதியே போகும். கலிஃபோர்னியாவில் மாசு வாரியத்தின் விலக்கு எண் இல்லாத ட்யூனிங் சாலைக்கு ஆகாது. சாஃப்ட்வேர்தானே, கண்ணுக்குத் தெரியாதே என்று நினைக்க வேண்டாம். மாசுச் சோதனையை ஏமாற்றியதற்காக 2015-இல் ஃபோக்ஸ்வாகன் மாட்டியது சாஃப்ட்வேரில்தான், உலகம் முழுக்கச் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்கள். உங்கள் ஆள் “எர்ரர் கோடே வராமல் பண்ணிவிடலாம்” என்றாராம். கேடலிட்டிக் கன்வர்ட்டரைக் கண்காணிக்கும் சென்சாரை ஊமையாக்குவதாக இருந்தால் அது பல நாடுகளில் நேரடியாகக் குற்றம், உங்களுக்கும் அதில் ஒரு லாபமும் இல்லை. வண்டிக்கு நோய் வந்தால் சொல்ல ஆளில்லாமல் போகும், அவ்வளவுதான்.

மனைவி பெயரில் இருக்கும் கார்

இதை நீங்கள் கடைசியில் எழுதினீர்கள், நான் முன்னால் கொண்டுவரப் பார்த்தேன், முடியவில்லை. இன்ஷூரன்ஸ் என்பது, முக்கியமான எதையும் மறைக்கவில்லை என்ற நம்பிக்கையில் நிற்கும் ஒப்பந்தம். என்ஜின் சக்தியைக் கால் பங்குக்கு மேல் கூட்டியது முக்கியமான மாற்றம்தான். சொன்னால் பிரீமியம் கூடலாம், சில கம்பெனிகள் ஏற்க மறுக்கவும் செய்யலாம். சொல்லாமல் விட்டு, ஒரு விபத்தில் யாருக்காவது அடிபட்டு, இசியூவைத் திறந்து பார்த்தால், பதில் சொல்ல வேண்டியவர் பாலிசியில் பெயர் இருப்பவர். அதாவது உங்கள் மனைவி. தனக்குத் தெரியாத ஒரு மாற்றத்தைத் தான் மறைத்ததாக அவர் மேல் எழுதுவார்கள்.

அவரும் இந்த வண்டியை ஓட்டுவதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். பழகிய பெடல் திடீரென்று வேறு மாதிரி பதில் சொன்னால், மழை ஈரத்தில் முன் சக்கரம் சுழன்றால், அவருக்குக் காரணம் தெரிந்திருக்க வேண்டாமா? இது சட்டக் கேள்வி இல்லை என்பதால் இதற்கு மேல் நான் சொல்லவில்லை. இன்று ராத்திரி பேசிவிடுங்கள்.

செய்வதென்றால்

என்னைக் கேட்டால்: இப்போது கசிவைச் சரி செய்து, பிளக் மாற்றி, ஏழு மாதம் அப்படியே ஓட்டுங்கள். வாரண்டி முடிந்த பிறகும் ஆசை இருந்தால், டார்க்கைக் கேட்காதீர்கள், சக்தியைக் கேளுங்கள். இரண்டும் ஒன்றில்லையா என்று நினைப்பீர்கள். டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 7023-ஆல் வகுத்தால் குதிரைத்திறன். உங்கள் கார் 250 நியூட்டன் மீட்டரை 1500 முதல் 3500 ஆர்பிஎம் வரை தருகிறது என்கிறது நீங்கள் அனுப்பிய கேட்லாக் பக்கம். 3500-இல் அது 125 குதிரைத்திறன். அதற்கு மேல் டார்க்கை இசியூ இறக்கிக்கொண்டே போகிறது, 5000-இல் 211 ஆக இருக்கும்போது உங்கள் 150 வருகிறது. கீழே ஒன்றையும் தொடாமல், 5000 ஆர்பிஎம்மில் 211-க்குப் பதில் 235 நியூட்டன் மீட்டர் பிடித்து வைக்கச் சொன்னால் 167 குதிரைத்திறன். கியர்பாக்ஸின் 250 வரம்பைத் தாண்டவே இல்லை, கியர்பாக்ஸிடம் பொய் சொல்ல வேண்டியதும் இல்லை, ஆர்பிஎம் குறைவான இடத்தில் வரும் அந்த வியாதியையும் சீண்டவில்லை. ஓவர்டேக் செய்யும்போது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இரண்டு கியர் இறங்கி என்ஜினை 4000-க்கு மேல்தான் கொண்டுபோகும். நீங்கள் கேட்ட இழுவை தேவைப்படுவது அங்கேதான். சும்மா கிடைக்காது, மேலே சூடு கூடும், சின்ன டர்போவுக்கு மூச்சு வாங்கும். டர்போ எவ்வளவு தாங்கும் என்பதை டைனோவில் லாக் (ஓடும்போது சென்சார்கள் சொல்லும் எண்களின் பதிவு) எடுத்துப் பார்த்துத்தான் 235-ஆ 225-ஆ என்று முடிவு செய்ய வேண்டும்.

முதுகில் குத்துவது போன்ற அந்தத் தள்ளு இதில் இருக்காது. அதுதான் வேண்டும் என்றால் உங்களுக்கு வேண்டியது வேறு கியர்பாக்ஸ் உள்ள வேறு கார்.

ட்யூனரிடம் கேட்க வேண்டியவை இவை:

- என் காரிலிருந்து படித்த ஒரிஜினல் ஃபைலின் நகல் எனக்குத் தருவீர்களா? திருத்தியது நீங்களா, எங்கிருந்தோ வாங்கியதா? வாங்கியது என்றால் எந்த ஆக்டேனுக்கு, ரானா ஏகேஐயா?
- கியர்பாக்ஸுக்குப் போகும் டார்க் எண்ணைத் தொட்டிருக்கிறீர்களா? புகைச் சூட்டிலிருந்து காப்பாற்றக் கூடுதல் பெட்ரோல் ஊற்றும் பகுதியை அப்படியே விட்டிருக்கிறீர்களா? இந்தக் கேள்விக்கு விழிப்பவரிடம் காரைக் கொடுக்காதீர்கள்.
- முன்னும் பின்னும் லாக் எடுத்துத் தருவீர்களா? ஒவ்வொரு சிலிண்டரிலும் பொறி எவ்வளவு தாமதமாகிறது, கேட்ட பூஸ்ட் எவ்வளவு, வந்த பூஸ்ட் எவ்வளவு, உள்ளே வரும் காற்றின் சூடு, பெட்ரோல் பம்பின் அழுத்தம். குறைந்தது இவ்வளவு.

கடைசியாகக் கேட்டதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஃபைல் ஏறும்போது நடுவில் பேட்டரி இறங்கினால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். பாதி எழுதிய இசியூவோடு கார் ஸ்டார்ட் ஆகாது. பெரும்பாலும் மீட்டுவிடலாம், ஆனால் இசியூவைக் கழற்றி மேஜையில் வைத்து வேலை செய்ய வேண்டியிருக்கும், வண்டி அதுவரை நின்ற இடத்தில் நிற்கும். அதனால்தான் எழுதும் நேரம் முழுக்க 13 வோல்ட்டுக்குக் குறையாமல் பிடித்து வைக்கும் பவர் சப்ளை ஒன்றை பேட்டரியில் மாட்டி வைப்போம். அது கையில் தூக்கிவரும் அளவுக்குப் பெரிய பெட்டி. உங்கள் நண்பர் வீட்டுக்கு வந்த ஆள் தோளில் ஒரு லேப்டாப் பையோடு மட்டும் வந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள்.